மூச்சும் மாத்திரையும்

1. முன்னுரை

ஆய்வுத்துறையில் ஈடுபட்ட மாணவர் பலர் ஒரு கட்டத்தில் ஆசிரியரிடம் வந்து ஒரே வகையான குறையைக் கூறுவர். வேண்டிய நூல்களைப் படித்தாயிற்று, குறிப்புகளும் நிரம்பியுள்ளன, ஆயினும் எழுத அமர்ந்தால் உள்ளம் ஓரிடத்தில் நிற்பதில்லை, முன்பு தாமாகவே வந்த சொற்கள் இப்பொழுது அழைத்தாலும் வருவதில்லை என்பது அக்குறை. பாட்டும் கதையும் படைப்போரும் இவ்வாறே கூறக் கேட்கிறோம். முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்த பின்னர் ஓராண்டுக் காலம் ஒரு பக்கமும் எழுத இயலாதிருந்த பட்டறிவு இக்கட்டுரை எழுதுவோனுக்கும் உண்டு.

இக்குறைக்கு மருந்தாக இக்காலத்தில் பலரும் கூறுவது மூச்சுப் பயிற்சி. மூச்சை ஒழுங்கு செய்தால் மனம் அடங்கும் என்றும், மனம் அடங்கினால் படைப்பாற்றல் ஊறும் என்றும் அவர் கூறுவர். ஊன்றி நோக்கினால் இங்கே இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருத்தல் விளங்கும். மூச்சினால் மனம் அமைதியுறுமா என்பது ஒன்று. அமைதியுற்ற மனம் படைக்குமா என்பது மற்றொன்று. முன்னதற்கு உடன்பாட்டு விடை கிடைத்த அளவிலே பின்னதற்கும் அதுவே விடை எனக் கொள்ளுதல் ஆய்வு நெறி ஆகாது. இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து, தமிழ் இலக்கணமும் இலக்கியமும் இவை பற்றிக் கூறுவன யாவை என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஓமந்தூரும் அதன் சூழலும்

இவ்வாராய்ச்சியை விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தொடங்குதல் பொருந்தும். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர், முன்னாளில் ஓய்மாநாடு எனப்பட்ட நிலப்பகுதியைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அவனுக்குரிய கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. ஓமந்தூருக்குத் தென்கிழக்கே புதுச்சேரியும், மேற்கே செஞ்சியைக் கடந்து திருவண்ணாமலையும் உள்ளன. பாரதியார் பத்தாண்டுகள் வாழ்ந்தது முன்னது. இரமண முனிவர் 1896 முதல் 1950 வரை வாழ்ந்தது பின்னது.

இவ்விரு பெயர்களையும் ஓமந்தூரோடு இணைப்பவர் அவ்வூரில் 1895இல் பிறந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்பிரல் வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய அவர் இரமண முனிவரிடம் பேரன்பு பூண்டவர். பாரதியார் நூல்களின் பதிப்புரிமையை அரசு பெற்று மக்களுக்கு உரியதாக்கும் முடிவு 1949இல் அவருடைய ஆட்சியிலேயே எடுக்கப்பட்டது. பதவியை விட்டபின் வடலூரில் வள்ளலார் நெறித் தொண்டில் ஈடுபட்ட அவர் 1970இல் மறைந்தார். மூச்சையும் மனத்தையும் பற்றி இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழில் தெளிவாக எழுதியோருள் இரமணரும் பாரதியாரும் குறிப்பிடத்தக்கவர். ஓமந்தூரார் ஒருவருடைய அருளை நாடினார்; மற்றவருடைய நூல்களை நாட்டுக்கு ஆக்கினார். அவ்விருவர் கருத்தையும் காணுமுன், அவர்க்கு அடிப்படையாயமைந்த பழந்தமிழ்க் கருத்துகளை முதற்கண் காண்போம்.

3. இலக்கணத்தில் மூச்சு

தமிழில் உயிர் என்னும் சொல் ஆன்மாவையும் குறிக்கும். எழுத்துவகை ஒன்றையும் குறிக்கும். அச்சொல்லோடு தொடர்புடைய உயிர்ப்பு என்பது மூச்சைக் குறிக்கும். மெய் என்பது உடம்பையும் உயிரின்றித் தனித்தியங்காத எழுத்தையும் குறிக்கும். எழுத்திலக்கணம் வகுத்தோர் உடம்பின் இயக்கத்தை உற்றுநோக்கிப் பெயரிட்டனர் என்பது இதனால் போதரும்.

தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகின்றது என விளக்குகின்றது. அவ்வியலின் இறுதியில் ஆசிரியர் ஓர் எல்லையும் வகுக்கின்றார். உடம்பின் உள்ளே எழும் வளியின் அளவை ஆராய்தல் அந்தணர் மறைக்கு உரியது என்றும், தாம் கூறியது வெளிப்போந்து பொருளுணர்த்தும் ஒலியின் அளவே என்றும் அவர் கூறுகின்றார். அகவளியை ஆராயும் துறை ஒன்று இருந்தமையை அவர் அறிவார். தம் நூலின் எல்லை அதுவன்று என்பதையும் அறிவார். மூச்சின் அளவை ஆராயும் கலையும் ஒலியின் அளவை ஆராயும் இலக்கணமும் அடுத்தடுத்த இரு வயல்கள் போல நின்றன என இதனால் கொள்ளலாம்.

அவ்விரு வயலுக்கும் பொதுவான வரப்பு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமுமே மாத்திரை எனத் தொல்காப்பியம் கூறும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பன யாவரும் அறிந்தவை. நன்னூலார் இவ்வரையறையை ஏற்று, அவ்விமையும் நொடியும் மாந்தர்க்கு இயல்பாக எழுவனவாதல் வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்தார். கைந்நொடியை நினைத்தல், ஊன்றல், முறுக்கல், விடுத்தல் என நான்கு கூறாக்கிக் கால், அரை, முக்கால், ஒன்று என எண்ணும் முறையை உரைநூல்கள் காட்டும். கருவி எதுவும் வேண்டாது, உடம்பையே அளவுகோலாகக் கொண்ட முறை இது. நன்னூலார் சேர்த்த இயல்பு என்னும் அடைமொழி மூச்சுப் பயிற்சிக்கும் பொருந்துதலைப் பின்னர்க் காண்போம்.

பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலும் ஈண்டு நோக்கத்தக்கது. எண்வகை மெய்ப்பாட்டின் விரிகளைக் கூறியபின், தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் உயிர்ப்பு என்பது ஒன்று. விரைவு என்பதற்கும் கையாறு என்பதற்கும் இடையே அது வைக்கப்பட்டுள்ளது. வேண்டியதைப் பெறாத நெஞ்சிலிருந்து எழும் நெடுமூச்சு என்ற கருத்துப்பட உரைகாரர் அதனை விளக்குவர். உள்ளத்தின் நிலை மூச்சிலே புலப்படும் என்பது இதனால் தெளிவாகும். உள்ளம் மூச்சை மாற்றுமாயின், மூச்சும் உள்ளத்தை மாற்றுமா என்பது அடுத்து எழும் வினா. அதற்கு விடை யோக நூல்களில் உள்ளது.

4. யோக நூல்களில் மூச்சு

பதஞ்சலியின் யோக சூத்திரம் அதன் முதற்பகுதியாகிய சமாதி பாதத்தில் மனச்சிதறலோடு உடன் நிகழ்வனவற்றைக் கூறுமிடத்து, துன்பம், சோர்வு, உடல் நடுக்கம் என்பவற்றோடு ஒழுங்கற்ற உள்மூச்சையும் வெளிமூச்சையும் சேர்த்துக் கூறுகின்றது. இது மெய்ப்பாட்டியலின் நோக்கோடு ஒத்தது. பின்னர் மனத்தெளிவுக்கு வழிகள் சிலவற்றைக் கூறும்பொழுது, மூச்சை வெளிவிட்டு நிறுத்துதலையும் ஒரு வழியாகக் காட்டுகின்றது. வெளிமூச்சுக்கு அங்கே தலைமை கொடுக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. இச்சமாதி பாதத்தைப் பாரதியார் தமிழில் பெயர்த்துள்ளார்.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டுறுப்பு யோகத்தை விரித்துரைப்பது. அதில் பிராணாயாமத்திற்குத் திருமூலர் அளவு கூறுகின்றார். உள்வாங்குதலாகிய பூரகம் 16 மாத்திரை. உள்நிறுத்துதலாகிய கும்பகம் 64 மாத்திரை. வெளிவிடுதலாகிய இரேசகம் 32 மாத்திரை. இவை ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்னும் விழுக்காட்டில் அமைந்துள்ளன. இவ்வளவுகளில் இரண்டு செய்திகள் நம் ஆய்வுக்கு உரியன. ஒன்று, எழுத்தை அளக்கும் அலகாலேயே மூச்சையும் அவர் அளக்கின்றார். மற்றொன்று, வெளிமூச்சு உள்மூச்சின் இருமடங்காக உள்ளது.

இவ்விரண்டாவது செய்தி இக்கால உடலியலோடு பொருந்துகின்றது. மூச்சை உள்வாங்கும்போது இதயத் துடிப்புச் சிறிது விரைவும், வெளிவிடும்போது சிறிது தணிவும் அடைகின்றன. மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் செல்லும் பத்தாம் மண்டை நரம்பின் செயலே இதற்குப் பெரிதும் காரணம். ஆகவே வெளிமூச்சு நீள நீள உடம்பு அமைதி நிலைக்குச் சாய்கின்றது. 2023இல் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், நாள்தோறும் ஐந்து நிமிடம், ஒரு மாத காலம், வெவ்வேறு மூச்சுப் பயிற்சிகளையும் மனக்குவிப்புத் தியானத்தையும் செய்தோர் ஒப்பிடப்பட்டனர். நீண்ட வெளிமூச்சை முதன்மையாகக் கொண்ட பயிற்சியைச் செய்தோரிடம் மனநிலை மிகுதியாகச் சீர்பட்டது. மூச்சு விரைவுக்கும் மன எழுச்சிக்கும் உள்ள நரம்புத் தொடர்பு 2017இல் எலிகளிடம் கண்டறியப்பட்டது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் மூளைத்தண்டுப் பகுதியிலுள்ள ஒரு நரம்பணுத் தொகுதி, விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் பகுதியோடு நேரே இணைந்துள்ளது என அவ்வாய்வு காட்டிற்று.

எனவே முதல் வினாவுக்கு, அஃதாவது மூச்சினால் மனம் அமைதியுறுமா என்னும் வினாவுக்கு, உடன்பாட்டு விடையே கூறலாம்.

5. அடியும் மூச்சும்

இனி, தமிழ் பயில்வோர்க்குச் சிறப்பாக உரிய ஒரு செய்தியை ஆராய்வோம். பேச்சு என்பது வெளிமூச்சால் நிகழ்வது. பேசுவோன் விரைந்து மூச்சை வாங்கி, நெடிது விடுகின்றான். பாட்டை வாய்விட்டு ஓதுவோன் அவ்வெளிமூச்சை ஓர் அளவுக்கு உட்படுத்துகின்றான். ஆகவே யாப்பு என்பது மூச்சை ஒழுங்கு செய்யும் வழிகளுள் ஒன்றுமாகும்.

இதனைக் கணக்கிட்டுக் காண்போம். ஆசிரியப்பாவுக்குரிய ஈரசைச்சீர்களின் வாய்பாடுகளையே அளவாகக் கொண்டால், தேமா நான்கு மாத்திரை. புளிமா நான்கு மாத்திரை. கூவிளம், கருவிளம் என்பன நாலரை மாத்திரை. எனவே நாற்சீர் கொண்ட அளவடி 16 முதல் 18 மாத்திரை பெறும். உண்மைப் பாடல்களில் அசைகள் குறிலாலும் நெடிலாலும் ஒற்றாலும் பலவாறு அமைதலின், குற்றியலுகரம் முதலிய குறுக்கங்களையும் ஈரொற்றையும் ஒதுக்கி நோக்கினும், ஓரடி 10 மாத்திரைக்குச் சுருங்கவும் 28 மாத்திரைக்கு விரியவும் கூடும். ஆயினும் வாய்பாட்டின் அளவு பூரகத்தின் 16 மாத்திரையோடு ஒத்துநிற்றல் சுவையான ஒற்றுமையாகும். இதனைக் கொண்டு யாப்பிலிருந்து யோகமோ யோகத்திலிருந்து யாப்போ தோன்றிற்று எனல் பொருந்தாது. இரண்டும் மனித உடம்பின் இயல்பான மூச்சளவை ஒட்டி எழுந்தமையால் அண்மையளவு பெற்றன எனக் கொள்ளுதலே தக்கது.

விநாடிக்கு மூன்று மாத்திரை வீதம் நிதானமாக ஓதினால் ஓரடிக்கு ஏறத்தாழ ஐந்து விநாடியும், அடியிறுதியில் மூச்சு வாங்க இரண்டு விநாடியும் ஆகும். அடிக்கு ஒரு மூச்சாக ஓதுவோர்க்கு நிமிடத்திற்கு எட்டு மூச்சும், ஈரடிக்கு ஒரு மூச்சாக ஓதுவோர்க்கு ஐந்துக்குச் சற்றுக் குறைந்த மூச்சும் அமையும். வளர்ந்தோர் இயல்பாக நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகின்றனர் என்பதை எண்ணினால், ஓதுதல் மூச்சை எவ்வளவு தணிக்கின்றது என்பது விளங்கும். ஓமந்தூர்ப் பகுதிக்குரிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளை உடையது. அதனை அடிக்கொரு மூச்சாக ஓத அரைமணி நேரத்திற்குச் சற்று மிகும்.

இவ்வாறு ஓதுதலின் பயனைப் பிறநாட்டு ஆய்வுகள் இரண்டு உறுதி செய்கின்றன. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் இதழில் வெளிவந்த ஆய்வு, இலத்தீன் மொழிச் செபமாலை வேண்டுதலையும் பௌத்த மந்திரம் ஒன்றையும் 23 பேரை ஓதச் செய்து நோக்கியது. இரண்டும் மூச்சை நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகத் தணித்தன. குருதியழுத்தத்தை ஒழுங்கு செய்யும் உடம்பின் திறனும் மிகுந்தது. வேறு சமயம், வேறு மொழி ஆயினும் அளவு ஒன்றாக இருந்தது. 2004இல் செருமானிய ஆய்வாளர்கள் பழங்கிரேக்க இலக்கியத்தின் அறுசீரடிப் பாடல்களை 20 பேரை ஓதச் செய்தனர். இதயத் துடிப்பின் ஏற்றத்தாழ்வும் மூச்சும் ஒன்றோடொன்று இயைந்து நடந்தன. எண்ணிக்கையிட்டுச் செய்த மூச்சுப் பயிற்சியில் அவ்வியைபு குறைவாகவே இருந்தது. இயல்பாக மூச்சுவிட்ட நிலையில் மிகக் குறைந்திருந்தது. இவ்வாய்வுகளுக்கு உட்பட்டோர் சிலரே ஆதலின் முடிபுகளை அளவுகடந்து விரித்தல் கூடாது. எனினும் பாவின் அடி உடம்பின் மீது செயற்படுகின்றது என்னும் உண்மையை இவை நிறுவுகின்றன.

6. இரமணரின் உந்தியார்

இரண்டாம் வினாவுக்கு வருவோம். அமைதியுற்ற மனம் படைக்குமா? இதற்கு விடை காண உதவுவது இரமண முனிவர் 1927இல் தமிழில் இயற்றிய உபதேச உந்தியார்.

அந்நூல் எழுந்த வரலாறே ஒரு படைப்பு வரலாறு. முருகனார் தமிழ்ப் பேரகராதிப் பணியில் பங்கு கொண்ட புலவர். 1923இல் இரமணரை அடைந்த அவர், மாணிக்கவாசகரின் திருவுந்தியாரை முன்மாதிரியாகக் கொண்டு, தாருகவனத்து முனிவர்களைச் சிவபெருமான் ஆட்கொண்ட செய்தியைப் பாடத் தொடங்கினார். இறைவன் உபதேசம் செய்யும் இடம் வந்தபொழுது, அதனைத் தாம் பாடுதல் தகாது எனக் கருதி நிறுத்தி, இரமணரையே பாட வேண்டினார். அவ்வாறு எழுந்த முப்பது பாடல்களே உபதேச உந்தியார். மகளிர் விளையாட்டுக்குரிய பாவடிவில், ஒரே முடிவு மீண்டும் மீண்டும் வரும் சிறு பாடல்களாக அவை அமைந்துள்ளன. மூச்சைப் பற்றிய உபதேசம் மூச்சுக்கு இசைந்த ஓதற்பாட்டாகவே வெளிவந்தமை கருதத்தக்கது.

அந்நூலில் முனிவர் கூறுவனவற்றின் சாரம் வருமாறு: மூச்சை அடக்கினால், வலையில் அகப்பட்ட பறவைபோல மனமும் அடங்கும். மனமும் மூச்சும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த இரு கிளைகள். ஆயினும் அடங்குதல் இருவகைப்படும். ஒன்று இலயம், மற்றொன்று நாசம். இலயத்தால் அடங்கியது மீண்டும் எழும். மூச்சினால் அடங்கிய மனத்தை ஒரு வழியிலே செலுத்தினால்தான் நிலைத்த பயன் உண்டாகும். உரைநடையில் அமைந்த நான் யார் என்னும் நூலும், மூச்சு அடங்கியிருக்கும் வரையில் மனம் அடங்கியிருக்கும் என்றும், மூச்சு வெளிப்பட்டபோது மனமும் வெளிப்படும் என்றும் கூறுகின்றது.

முனிவரின் நோக்கம் வீடுபேறு. பாட்டு இயற்றுதல் அன்று. ஆயினும் அவர் காட்டிய வேறுபாடு படைப்புக்கும் விளக்கம் தருகின்றது. மூச்சுப் பயிற்சியால் கிடைக்கும் அமைதி இலயம் போன்றது. அது நிலத்தைப் பண்படுத்தும், விதையை இடாது. பண்பட்ட நிலத்தில் ஒரு வழியிலே உழைத்தவர்க்கே விளைவு உண்டு. அகராதிப் பணியில் சொற்களோடு பழகி, திருவாசகத்தில் தோய்ந்து வந்த முருகனார்க்குத் திருவண்ணாமலையின் அமைதி பல்லாயிரம் பாடல்களுக்கு இடமாயிற்று. அதே அமைதியில் வாழ்ந்த அன்பர் எல்லாரும் புலவராகவில்லை.

உளவியல் ஆய்வும் இவ்வேறுபாட்டை ஒருவாறு காட்டுகின்றது. 2012இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் இருவகைத் தியானங்களை ஒப்பிட்டனர். ஒரு பொருளிலேயே மனத்தை நிறுத்துவது ஒன்று. எழும் எண்ணங்களைத் தடையின்றி நோக்கியிருப்பது மற்றொன்று. ஒரு வினாவுக்குப் பல புதிய விடைகளைக் காணும் ஆற்றலை இரண்டாவது வகையே வளர்த்தது. இறுக்கிப் பிடித்த அமைதி வேறு. திறந்து நிற்கும் அமைதி வேறு என்பது இதன் பொருள்.

7. பாரதியாரின் காற்று

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். 1910இல் அங்கு வந்த அரவிந்தரோடு பழகினார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. யோகநூற் பயிற்சியும் பேரிலக்கியப் படைப்பும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால் முன்னது பின்னதற்குக் காரணம் எனச் சிலர் எளிதில் முடிவுகட்டுவர். ஒரு காலத்தில் நிகழ்ந்தன என்பதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. வறுமையும் அரசியல் நெருக்கடியும் அதே காலத்தில் இருந்தன அன்றோ?

ஆயின் மூச்சைப் பற்றிய சிந்தனை அவருடைய படைப்பின் உள்ளே புகுந்தமைக்கு அவர் நூலே சான்று. வசன கவிதையில் காற்று என்னும் பகுதி அது. பந்தலில் தொங்கும் இரு கயிற்றுத் துண்டுகளுக்குக் கந்தன், வள்ளியம்மை எனப் பெயரிட்டு, காற்று வந்தபொழுது அவை உயிர்பெற்று ஆடுவதாகவும் காற்று நின்றபொழுது அடங்குவதாகவும் அவர் காட்டுகின்றார். காற்றே உலகின் உயிர் என்னும் வேதக் கருத்து, ஒரு வீட்டுப் பந்தலின் கயிற்றிலே விளையாட்டாகப் புலப்படுகின்றது. அப்பகுதி யாப்பைத் துறந்தது. எனினும் வாய்விட்டுப் படித்தால், ஒவ்வொரு தொடரும் ஒரு மூச்சுக்கு அளவாக நிற்றலை உணரலாம். சீரும் தளையும் நீங்கிய பின்னும் மூச்சின் அளவு எஞ்சி நிற்கின்றது. பிற்காலப் புதுக்கவிதையின் அடியமைப்பை ஆராய்வோர் இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் பயனுடைத்து.

8. பயிலும் முறை

மேற்கூறியவற்றை ஒட்டி, எழுத்துப்பணியில் தளர்ந்தோர் மேற்கொள்ளத்தக்க எளிய முறை ஒன்றைக் கூறலாம்.

முதலாவது, முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூக்கினால் நான்கு எண்ணும் அளவு மூச்சை வாங்கி, எட்டு எண்ணும் அளவு மெல்ல விடுக. இது திருமூலர் விழுக்காட்டில் கும்பகத்தை விலக்கிய வடிவம். ஐந்து நிமிடம் போதும். எட்டு எண்ணுதல் கடினமாயின் ஆறு எண்ணுக. நன்னூலார் கூறிய இயல்பு என்னும் அடைமொழியை இங்கே நினைவு கொள்ள வேண்டும். வலிந்து நீட்டிய மூச்சு உள்ளத்தை அமைதிப்படுத்தாது, பரபரப்பையே உண்டாக்கும்.

இரண்டாவது, ஆசிரியப்பாவில் அமைந்த சங்கப் பாடல் ஒன்றை இருபது அடி அளவு வாய்விட்டு ஓதுக. பொருளாராய்ச்சியை அப்பொழுது ஒத்திவைக்க. அடியின் முடிவில் மூச்சு வாங்குதலும் எதுகை மோனைகளைக் காதால் கேட்டலுமே அப்பொழுது செய்யத்தக்கன.

மூன்றாவது, உடனே எழுதத் தொடங்குக. கால்மணி நேரம் வரை திருத்துதலும் அடித்தலும் வேண்டா. திறந்து நிற்கும் அமைதியைப் பயன்படுத்தும் காலம் அது. திருத்தும் பணிக்கு அன்று மாலையோ மறுநாளோ இடம் உண்டு.

இம்முறை எழுதாதிருந்த ஓராண்டின் இறுதியில் இதனை எழுதுவோனுக்கு உதவிற்று. முதல் வாரத்தில் எழுதியவற்றுள் நிலைத்தது ஒரு பத்தியே. ஆயினும் நாள்தோறும் எழுத அமரும் அச்சம் நீங்கிற்று, அதுவே பெரும்பயன். அப்பத்தியும் பல ஆண்டுகளாகத் திரட்டிய குறிப்புகளிலிருந்து வந்ததேயன்றி மூச்சிலிருந்து வந்ததன்று.

மூச்சை நெடுநேரம் உள்ளே நிறுத்துதல் பற்றி ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமையாகும். 64 மாத்திரைக் கும்பகம் ஆசிரியர் துணையோடு படிப்படியாக அடையத்தக்கது. நூலைப் பார்த்துத் தொடங்கத்தக்கதன்று. இதயநோயும் மிகுந்த குருதியழுத்தமும் உடையோரும் கருவுற்ற மகளிரும் கும்பகத்தை விலக்கி, மருத்துவரைக் கேட்டே பயிலல் வேண்டும். பயிற்சியின்போது தலைசுற்றல் தோன்றினால் நிறுத்தி இயல்பான மூச்சுக்குத் திரும்புக. நெடுங்காலம் நீடிக்கும் மனத்தளர்ச்சிக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் மருந்தாகாது. அதற்குரிய மருத்துவத்தை நாடுதல் வேண்டும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. உள்ளத்தின் நிலை மூச்சிலே புலப்படும் என்பதை மெய்ப்பாட்டியலும், மூச்சினால் உள்ளம் அடங்கும் என்பதைத் திருமந்திரமும் உந்தியாரும் காட்டுகின்றன. இக்கால உடலியல் இவ்விரண்டுக்கும் துணை நிற்கின்றது. இலக்கணமும் யோகமும் ஒரே மாத்திரையால் அளந்தன. பாவை ஓதுதல் நீண்ட வெளிமூச்சைத் தன்னியல்பிலே உடையது. ஆயின் அமைதி படைப்புக்கு இடமாகுமேயன்றிப் படைப்பாகாது. கற்றலும் உழைத்தலும் அவ்விடத்தை நிரப்ப வேண்டும்.

இம்முடிபிலிருந்து நம் துறைக்கு ஒரு கடமை எழுகின்றது. திண்ணைப் பள்ளிகளிலும் திருமடங்களிலும் செய்யுள் காதால் கேட்கப்பட்டு வாயால் ஓதப்பட்டது. இன்று முதுகலை வகுப்புகளில் அது பெரும்பாலும் கண்ணால் மட்டும் படிக்கப்படுகின்றது. அசையும் சீரும் பிரித்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெறும் மாணவர், அவ்வடியை ஒருமுறையும் வாய்விட்டு ஓதாதிருத்தல் உண்டு. மாத்திரையை உடம்பால் அறியாதார்க்கு யாப்பிலக்கணம் வெறும் கணக்காகவே நிற்கும். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பத்து நிமிடம் செய்யுளை ஓதுதற்கு ஒதுக்குவோமாயின், மாணவர் பாவின் ஓசையைப் பெறுவர். அதனோடு, கேளாமலே, மன அமைதியையும் பெறுவர். நல்லியக்கோடனைப் பாடிய பாட்டு அவன் நாட்டு மாணவர் வாயிலேனும் மீண்டும் ஒலித்தல் வேண்டும்.